50 போதாமல் போன கதை: 2002 உள்நாட்டுப் பாதுகாப்பு மசோதாவும் அமெரிக்க செனட்டின் விவாத முடிப்பு வாக்கெடுப்புகளும்

2002 செப்டம்பர் 19, வியாழக்கிழமை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை உருவாக்கும் மசோதா மீதான விவாதத்தை முடித்துக்கொள்ளலாமா என்று அமெரிக்க செனட்டில் வாக்கெடுப்பு நடந்தது. முடிக்கலாம் என்றவர்கள் 50 பேர், கூடாது என்றவர்கள் 49 பேர். தீர்மானம் தோற்றது. செப்டம்பர் 25-இல் மறுபடியும் எடுத்தார்கள்: 49–49. மறுநாள் 50–49. அக்டோபர் 1-இல் 45–52. நான்கும் தோல்வி. பிறகு நவம்பர் 15-இல் 65–29 என்று தீர்மானம் வென்றது. நவம்பர் 19-இல் இன்னொரு முடிப்புத் தீர்மானம் 83–16 என்று நிறைவேறி, அன்றே மசோதாவும் 90–9 என்று தாண்டியது.

அதே அவை, ஏறத்தாழ அதே உறுப்பினர்கள், அதே துறை. செப்டம்பரில் 50-ஐத் தாண்டாத எண்ணிக்கை நவம்பரில் 83 ஆனது. பத்து வாரத்துக்குள் முப்பது செனட்டர்களுக்கு ஞானோதயம் பிறந்துவிட்டது என்று நினைத்தால் இந்தக் கதை புரியாது. விவாத முடிப்பு வாக்கெடுப்பில் “மசோதா வேண்டுமா” என்று யாரும் கேட்பதில்லை. எந்த வரைவு, எந்தத் திருத்தம், எந்த வரிசையில் வாக்குக்கு வரும் என்பதுதான் அங்கே தீர்மானமாகிறது. செப்டம்பர் முழுக்க நடந்த சண்டை அந்த வரிசைக்காக நடந்தது.

மசோதா என்ன

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அக்டோபர் 8-இல், அதிபர் புஷ் ஒரு நிர்வாக ஆணை மூலம் வெள்ளை மாளிகைக்குள் உள்நாட்டுப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றை அமைத்து, பென்சில்வேனியா ஆளுநராக இருந்த டாம் ரிட்ஜை அதற்குத் தலைவராக்கினார். தனித் துறை தேவையில்லை என்பதுதான் அப்போது அரசின் நிலை. தனித் துறை வேண்டும் என்று முதலில் வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர் ஜனநாயகக் கட்சியின் ஜோ லீபர்மேன், செனட்டின் அரசாங்க விவகாரக் குழுத் தலைவர். 2002 ஜூன் 6-இல் புஷ் நிலையை மாற்றிக்கொண்டு தனித் துறை அமைக்கப் போவதாக அறிவித்தார்.

திட்டம் பெரியது. 22 அமைப்புகள், சுமார் 1,70,000 ஊழியர்கள். நிதித் துறையிலிருந்து சுங்கத் துறையும் சீக்ரெட் சர்வீஸும், நீதித் துறையிலிருந்து குடியேற்றச் சேவை, போக்குவரத்துத் துறையிலிருந்து கடலோரக் காவல் படையும் விமான நிலையப் பாதுகாப்பு நிர்வாகமும், தனி அமைப்பாக இருந்த பேரிடர் மேலாண்மை முகமை, வேளாண் துறையிலிருந்து பிளம் தீவு கால்நடை நோய் ஆய்வு மையம் என எல்லாம் ஒரே கூரைக்கு வர வேண்டும். எஃப்.பி.ஐ.யும் சி.ஐ.ஏ.வும் இதில் சேரவில்லை. 1947-இல் ராணுவ நிர்வாகத்தை மாற்றியமைத்ததற்குப் பிறகு நடந்த மிகப் பெரிய மறுசீரமைப்பு இது.

பிரதிநிதிகள் சபையில் எச்.ஆர். 5005 என்ற எண்ணில் வந்த மசோதா ஜூலை 26-இல் 295–132 என்று நிறைவேறியது. அந்தச் சபையில் விவாத நேரத்தையும் திருத்தங்களையும் விதிக் குழு முன்கூட்டியே வரையறுத்துவிடும் என்பதால் பெரும்பான்மை இருந்தால் வேலை முடிந்தது. நம் மக்களவையிலும் விவாதத்தை முடிக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும். செனட் அப்படியல்ல.

விதி 22 எப்படி வேலை செய்கிறது

செனட்டில் ஓர் உறுப்பினர் பேச எழுந்தால் அவரை உட்கார வைக்க அவைத்தலைவருக்கு அதிகாரம் இல்லை. பேசி முடியும்வரை வாக்கெடுப்பு இல்லை. இந்த வசதியைப் பயன்படுத்தி மசோதாவை இழுத்தடிப்பதுதான் ஃபிலிபஸ்டர். அதை உடைக்க இருக்கும் ஒரே கருவி 1917-இல் விதி 22-இல் சேர்க்கப்பட்ட விவாத முடிப்புத் தீர்மானம், அவர்கள் வழக்கில் குளோச்சர். தொடக்கத்தில் வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. 1975-இல் அதை மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்காக மாற்றினார்கள். செனட்டில் மொத்தம் 100 பேர், அதாவது 60 வாக்கு.

நடைமுறை இப்படி: 16 செனட்டர்கள் கையெழுத்திட்ட மனு ஒன்று தாக்கலாகும். நடுவில் ஒரு அமர்வு நாள் கழிய வேண்டும். செவ்வாய்க்கிழமை மனு போட்டால் வியாழக்கிழமை, அவை கூடி ஒரு மணி நேரம் ஆனதும் வாக்கெடுப்பு. முதல் நிலைத் திருத்தங்களை மனு போட்ட மறுநாள் பிற்பகல் ஒரு மணிக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அந்தத் திருத்தங்கள் மீதான திருத்தங்களுக்கு வாக்கெடுப்புக்கு ஒரு மணி நேரம் முன்புவரை அவகாசம். தீர்மானம் வென்றால் அதிகபட்சம் 30 மணி நேரம் மட்டுமே அந்தப் பொருள் அவையில் இருக்கலாம். ஒவ்வொருவரும் பேச ஒரு மணி நேரம் மட்டும். பொருளோடு நேரடித் தொடர்பில்லாத திருத்தங்கள் தானாகவே விழுந்துவிடும்.

இதில் பலர் கவனிக்கத் தவறும் இடங்கள் இரண்டு.

ஒன்று, 60 என்பது வந்திருப்பவர்களில் அல்ல, பதவியேற்றிருக்கும் மொத்த உறுப்பினர்களில். வராதவர், வாக்களிக்காதவர் எல்லோரும் உண்மையில் “கூடாது” பக்கத்தில்தான். அதனால் முடிப்பு வாக்கெடுப்பில் எதிர்ப்புக் கணக்கைப் பார்ப்பதில் பயனில்லை. செப்டம்பர் 25-இன் 49–49 “சமநிலை” என்று தலைப்புப் போடத் தோன்றும். விதிப்படி அது பதினோரு வாக்குக் குறைவான தோல்வி. நவம்பர் 15-இல் 94 பேர்தான் வாக்களித்தார்கள் என்பதாலும் தேவை குறையவில்லை. ஓர் இடம் காலியாகி 99 பேர் இருந்தாலும் ஐந்தில் மூன்று பங்கு 59.4 என்று வரும். அப்போதும் 60 தான் வேண்டும்.

இரண்டு, மனு எந்தப் பொருள் மீது போடப்பட்டதோ அதற்கு மட்டுமே முடிப்பு செல்லும். மசோதாவுக்கு மாற்றாக வந்த முழு வரைவு மீது முடிப்பு வென்றால், அந்த மாற்று வரைவு வாக்குக்கு வரும்; அது ஒட்டிக்கொண்ட மூல மசோதா மீது மறுபடி முதலிலிருந்து பேசலாம். அதனால்தான் நவம்பரில் இரண்டு முடிப்பு வாக்கெடுப்புகள் தேவைப்பட்டன.

செப்டம்பர் முடிச்சு

செனட்டில் அப்போது ஜனநாயகக் கட்சிக்கு 50 பேர், குடியரசுக் கட்சிக்கு 49 பேர். 2001-இல் குடியரசுக் கட்சியை விட்டு விலகிய ஜிம் ஜெஃபர்ட்ஸ் சுயேச்சையாக ஜனநாயகக் கட்சிப் பக்கம் அமர்ந்திருந்தார். பெரும்பான்மைத் தலைவர் டாம் டாஷல். செப்டம்பர் தொடக்கத்தில் மசோதா அவைக்கு வந்தது. லீபர்மேன் குழுவின் வரைவு, சபை அனுப்பிய மசோதாவுக்கு மாற்றாக, தொழில்நுட்பப்படி ஒரு “திருத்தமாக” முன்வைக்கப்பட்டது.

துறை வேண்டுமா என்பதில் தகராறு மிகக் குறைவு. அவையில் வெளிப்படையாக அடிப்படையையே எதிர்த்தவர் வெஸ்ட் வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்டு. இத்தனை பெரிய அதிகாரத்தை ஒரே மூச்சில் நிர்வாகத்திடம் தூக்கிக் கொடுக்கக் கூடாது, படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் காங்கிரசின் (செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த நாடாளுமன்றத்தின்) ஒப்புதலோடு செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். விதிப் புத்தகத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் அவையில் இல்லை என்பதால் அவர் ஒருவரே பல நாட்களை எடுத்துக்கொண்டார். டாஷல் இரண்டு தடங்களில் அவையை ஓட்டிப் பார்த்தார்: நாளின் ஒரு பகுதி இந்த மசோதா, மறு பகுதி உள்துறைக்கான (அங்கே அது பொது நிலங்களையும் இயற்கை வளங்களையும் கவனிக்கும் துறை) நிதி ஒதுக்கீட்டு மசோதா. இரண்டும் சிக்கிக்கொண்டன.

உண்மையான முட்டுக்கட்டை ஊழியர் உரிமையில் இருந்தது. தேசியப் பாதுகாப்புக் காரணம் சொல்லி ஓர் அரசு அமைப்பின் ஊழியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமை (சங்கம் மூலம் நிர்வாகத்தோடு பேசி ஒப்பந்தம் போடும் உரிமை) இல்லை என்று அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க அதிபருக்கு ஏற்கெனவே சட்டத்தில் உண்டு. 2002 ஜனவரியில் நீதித் துறையின் சில அலுவலகங்கள் மீது புஷ் அதைப் பயன்படுத்தியும் இருந்தார். புதிய துறைக்குப் போகும் சுங்க அதிகாரியும் எல்லைக் காவலரும் ஏற்கெனவே சங்கத்தில் இருப்பவர்கள். பெயர்ப் பலகை மாறியதையே காரணமாக்கி அவர்கள் உரிமை போய்விடக் கூடாது என்றது லீபர்மேன் வரைவு. அதிபரின் கையைக் கட்டும் மசோதா வந்தால் தடுப்பதிகாரத்தை (வீட்டோ) பயன்படுத்துவேன் என்றார் புஷ்.

அதிபரின் நிலையை ஒட்டி, டெக்சாஸின் ஃபில் கிராமும் ஜார்ஜியாவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் செல் மில்லரும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதன் மேல் ஜனநாயகக் கட்சியின் பென் நெல்சன், ஜான் புரோ, குடியரசுக் கட்சியின் லிங்கன் சேஃபி மூவரும் ஒரு சமரசத் திருத்தம் போட்டார்கள்: ஒரு பிரிவின் பணி கணிசமாக மாறியிருந்து, அதன் ஊழியர்களில் பெரும்பாலோரின் முதன்மை வேலை பயங்கரவாதம் தொடர்பான உளவு அல்லது புலனாய்வாக இருந்தால் மட்டுமே அதிபர் அவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று அறிவிக்கலாம்.

முடிச்சு இங்கேதான். செனட்டில் திருத்தங்கள் அடுக்கடுக்காக நிற்கும்போது மேலே இருப்பதே முதலில் வாக்குக்கு வரும். அதாவது நெல்சன் திருத்தம் முதலில். அது வென்றால் கிராம்–மில்லர் உருமாறிவிடும். அதிபர் கேட்ட வரைவு அவர் கேட்ட வடிவில் ஒருபோதும் வாக்குக்கு வராது. சேஃபி வந்து சேர்ந்ததால் சமரசத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை கிடைக்கும் நிலை இருந்தது. ஆகவே டாஷலுக்கு விவாதம் சீக்கிரம் முடிய வேண்டும். குடியரசுக் கட்சித் தலைவர் டிரென்ட் லாட்டுக்கு, அதிபரின் வரைவுக்கு நேரடி வாக்கெடுப்பு என்ற உறுதி கிடைக்கும்வரை முடியக் கூடாது.

எனவே அந்த 50–49-ஐ வாசிக்கும் விதம் இது. விவாதத்தை முடிக்க விரும்பியது பெரும்பான்மையான ஜனநாயகக் கட்சி. 60-ஐக் கொடுக்க மறுத்தது, மசோதாவைக் கேட்ட அதிபரின் சொந்தக் கட்சி. குடியரசுக் கட்சியின் வாதத்திலும் நியாயம் இருந்தது: ஒரு மசோதாவை முன்மொழிந்த அதிபருக்கு அவர் வரைவின் மீது ஆம்/இல்லை என்ற பதில் கிடைக்க வேண்டும் என்றார்கள். செப்டம்பர் கடைசியில் கிராம்–மில்லர் திருத்தத்தின் மீதே முடிப்புத் தீர்மானம் வந்தபோது அதுவும் 60-ஐ எட்டவில்லை. இரு பக்கமும் மற்றவரைத் தடுக்கப் போதுமான பலத்தோடு இருந்தார்கள்; தாங்கள் நினைத்ததை நடத்திக்கொள்ளும் பலம் எவருக்கும் இல்லை.

ஒரே பொருள் மீது தோற்ற தீர்மானத்தை ஏன் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். பலன் பதிவேட்டில்தான். யார் எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு முறையும் பெயரோடு ஏறும். தேர்தல் ஐந்து வாரத்தில் இருந்தது. ஆனால் நான்காம் முறை 45-க்கு இறங்கியதே, அந்தப் பலனும் தீர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அக்டோபரில் ஈராக் மீதான போர் அங்கீகாரத் தீர்மானம் அவையை எடுத்துக்கொண்டது. உள்நாட்டுப் பாதுகாப்பு மசோதா நிறைவேறாமலேயே செனட்டர்கள் பிரசாரத்துக்குக் கிளம்பினார்கள்.

தேர்தலில் அந்த வாக்குகள் என்னவாயின

அவை விதிகளைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் விளக்க முடியாது. ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சி செனட்டர் மேக்ஸ் கிளேலண்டுக்கு எதிராக குடியரசுக் கட்சி வேட்பாளர் சாக்ஸ்பி சாம்பிளிஸ் தரப்பு ஒளிபரப்பிய விளம்பரம் ஒசாமா பின் லாடன், சதாம் உசேன் படங்களோடு தொடங்கி, அதிபரின் உள்நாட்டுப் பாதுகாப்பு முயற்சிகளுக்கு எதிராக கிளேலண்ட் 11 முறை வாக்களித்தார் என்றது. கிளேலண்ட் வியட்நாம் போரில் இரு கால்களையும் ஒரு கையையும் இழந்தவர். துறையை உருவாக்கும் லீபர்மேன் வரைவை ஆதரித்தவர். அந்த எண்ணிக்கைக்குள் அடங்கியவை திருத்தங்கள், நடைமுறைத் தீர்மானங்கள் முதலானவை. பார்வையாளருக்கு அது தெரிய வழியில்லை. கிளேலண்ட் நவம்பர் 5-இல் தோற்றார். மிசூரியில் ஜனநாயகக் கட்சியின் ஜீன் கார்னஹனும் குடியரசுக் கட்சியின் ஜிம் டேலண்டிடம் தோற்றார். அக்டோபர் 25-இல் விமான விபத்தில் இறந்த பால் வெல்ஸ்டோனின் மினசோட்டா இடத்துக்கு ஆளுநர் ஜெசி வென்சுரா, டீன் பார்க்லியைத் தற்காலிகமாக நியமித்தார். அடுத்த காங்கிரசில் செனட் குடியரசுக் கட்சியின் கைக்குப் போவது உறுதியானது.

இதன் பொருள், நவம்பரில் கூடிய கடைசி அமர்வில் ஜனநாயகக் கட்சியினர் இழுத்தடித்தால் ஜனவரியில் இதைவிடக் கடுமையான வரைவு வரும். இழுத்தடிப்பின் விலை ஏறிவிட்டது. 60 எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை பெருமளவு இதுதான்.

நவம்பர்: ஒரே வாரத்தில்

நவம்பர் 13-இல் பிரதிநிதிகள் சபை எச்.ஆர். 5710 என்ற புதிய மசோதாவை 299–121 என்று நிறைவேற்றிவிட்டு ஏறத்தாழக் கலைந்தது. அதே வாசகத்தை செனட்டில் குடியரசுக் கட்சியின் ஃபிரெட் தாம்சன், எச்.ஆர். 5005-க்கு மாற்று வரைவாகக் கொண்டுவந்தார். 484 பக்கங்கள். இதை யார் படித்தீர்கள் என்று பேர்டு அவையில் கேட்டுக்கொண்டே இருந்தார். நவம்பர் 15, வெள்ளிக்கிழமை, அந்த மாற்று வரைவு மீது முடிப்பு 65–29.

ஊழியர் உரிமை விஷயத்தில் என்ன முடிவானது? நெல்சன்–புரோ–சேஃபி வாசகத்தின் இரு நிபந்தனைகளும் சட்டத்தின் 842-ஆம் பிரிவில் அப்படியே நிற்கின்றன. கூடவே ஒரு கதவு: அவற்றைக் கடைப்பிடிப்பது பாதுகாப்புக்குக் கணிசமான கேடு என்று அதிபர் கருதினால், காரணத்தை எழுத்தில் காங்கிரசுக்கு அனுப்பி 10 நாள் கழித்து நிபந்தனைகளைத் தள்ளிவைக்கலாம். ஊதியம், பணி மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை பற்றிய புதிய விதிகளைக் கொண்டுவர, சங்கங்களுக்கு முன்மொழிவு தந்து 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். உடன்பாடு இல்லையென்றால் காங்கிரசுக்குத் தெரிவித்துவிட்டு இன்னொரு 30 நாள் பேச்சுவார்த்தை. அதற்குப் பிறகும் முடியவில்லையென்றால் அரசு தன் வழியில் போகலாம். செப்டம்பரில் இந்த அளவு பேரம் ஏன் முடியவில்லை என்று கேட்டால், அப்போது இரு கட்சிகளுக்குமே காத்திருப்பதில் லாபம் தெரிந்தது என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

முடிப்பு வென்றதோடு சிக்கல் தீரவில்லை. புதிய வரைவில் செப்டம்பரில் இல்லாத சில உட்பிரிவுகள் இருந்தன. தைமரோசால் என்ற தடுப்பூசிப் பதப்பொருளைத் தயாரித்த நிறுவனங்கள் மீதான வழக்குகளுக்குத் தடை. விமான நிலையச் சோதனை நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்புக்கு வரம்பு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று விமர்சிக்கப்பட்ட ஆராய்ச்சி மையத் தகுதிகள். வரி தப்ப வெளிநாட்டில் பதிவு மாற்றிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் தரக்கூடாது என்று வெல்ஸ்டோன் சேர்த்திருந்த தடையில் ஓட்டைகள். இப்படி ஏழு உட்பிரிவுகளை நீக்க டாஷல் திருத்தம் கொண்டுவந்தார். பொருளோடு நேரடித் தொடர்புள்ளது என்பதால் முடிப்புக்குப் பிறகும் அது உயிரோடு இருந்தது. 60 தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். நவம்பர் 19-இல் 47–52 என்று தோற்றது.

தோற்றதற்குக் காரணம் அந்த உட்பிரிவுகள் மீதான அன்பு அல்ல. செனட் ஒரு வரியை மாற்றினாலும் மசோதா மறுபடி சபைக்குப் போக வேண்டும், அங்கே ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், துறையே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும் என்பது தலைவர்களின் எச்சரிக்கை. தயங்கிய குடியரசுக் கட்சியினர் மூவருக்கு, சேஃபி, சூசன் காலின்ஸ், ஒலிம்பியா ஸ்னோ, அடுத்த ஆண்டு சரிசெய்கிறோம் என்று வாக்குறுதி தரப்பட்டது. எதையும் மாற்ற முடியாத நேரத்தில் வரைவை அனுப்பிவிட்டு ஒரு சபை கிளம்பிப் போவது, விதி 22-ஐவிடக் கறாராகவே விவாதத்தை முடித்துவைக்கும்.

அன்றே மூல மசோதா மீது முடிப்பு 83–16, இறுதி வாக்கெடுப்பு 90–9. விவாதத்தை முடிக்கக் கூடாது என்ற 16-க்கும் மசோதாவே கூடாது என்ற 9-க்கும் இடையே ஏழு வாக்கு வித்தியாசம். எதிர்த்த ஒன்பது பேர்: பேர்டு, எட்வர்டு கென்னடி, கார்ல் லெவின், ரஸ் ஃபைங்கோல்டு, டேனியல் இனோயே, டேனியல் அகாகா, எர்னஸ்ட் ஹாலிங்ஸ், பால் சார்பேன்ஸ், சுயேச்சை ஜெஃபர்ட்ஸ். சபை நவம்பர் 22-இல் செனட் வடிவத்தை ஏற்றது. நவம்பர் 25-இல் புஷ் கையெழுத்திட்டார்.

பிறகு

2003 ஜனவரி 24-இல் டாம் ரிட்ஜ் துறையின் முதல் செயலராகப் பதவியேற்றார். பெரும்பாலான அமைப்புகள் மார்ச் 1-இல் வந்து சேர்ந்தன. தரப்பட்ட வாக்குறுதி ஓரளவு காப்பாற்றப்பட்டது: பிப்ரவரியில் நிறைவேறிய ஒட்டுமொத்த ஒதுக்கீட்டுச் சட்டத்தில் தடுப்பூசி தொடர்பான உட்பிரிவுகள் ரத்தாயின, பல்கலைக்கழக மையத் தகுதிகள் திருத்தப்பட்டன.

செப்டம்பரை முழுசாக விழுங்கிய ஊழியர் விதிகளுக்கு இன்னும் நீண்ட பயணம். துறை அவற்றை 2005-இல் வெளியிட்டது. நிதித் துறை ஊழியர் தேசியச் சங்கம் உள்ளிட்ட தொழிற்சங்கங்கள் வழக்குப் போட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில் வாஷிங்டன் மாவட்ட நீதிபதி ரோஸ்மேரி காலியர், தொழிலாளர் உறவு பற்றிய பகுதியைத் தடுத்து நிறுத்தினார். ஒப்பந்தம் போட்ட பிறகும் துறை தன்னிச்சையாக அதை மீறலாம் என்றால் அது கூட்டுப் பேரமே அல்ல என்பது அடிப்படை. 2006 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் துறைக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. துறை பிறகு அந்த விதிகளைக் கைவிட்டது.